வால் பக்கம்

காலை ஆறரை மணிக்கு எலிக்கொட்டகைக்குள் அன்று யாரும் போகவில்லை.

வழக்கமாக அந்நேரத்துக்கு அவள் உள்ளே இருப்பாள். நனைந்த மரத்தூளை வாரிக் கொட்டிவிட்டுப் புதுத் தூள் பரப்புவாள். தண்ணீர்ப் புட்டிகளை மாற்றுவாள். ஈன்ற எலிகளைத் தனிக்கூண்டில் விடுவாள். இன்று எலிகள் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் கொட்டகையைத் தாண்டி, பாம்புப் பண்ணை ஆட்களுக்கென்று கட்டிய வீடுகளில் கடைசி வீட்டு முற்றம் வரை கேட்டது. அவள் அங்கே குழாயடியில் குந்தி உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சோப்பு, பிறகு எலுமிச்சைத் தோல், மறுபடி சோப்பு.

அன்று பால் நாள். பாம்புகளிடமிருந்து நஞ்சு எடுக்கும் நாளுக்குப் பண்ணையில் அப்படித்தான் பெயர். நஞ்சு எடுக்கிற அவள் புருஷனைப் பால்காரர் என்றார்கள். பாம்புகளுக்கு இரையாக எலி வளர்க்கும் இவளை எலிக்காரி என்றார்கள். மேலாளருக்கு ஒன்பதரை என்று பெயர். அவருடைய பத்து விரல்களில் ஒன்றில் பாதியை விரியன் கொண்டுபோயிருந்தது. அவரே சில நாள் போனை எடுத்து, “ஒன்பதரை பேசறேன், சொல்லுங்க” என்பார்.

“தோல் உரிஞ்சிடப் போகுது,” என்றாள் நாத்தனார். முன்னறையில் தையல் எந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

“உரிஞ்சா புதுசு வரும் அண்ணி. பாம்புக்கு வரலையா?”

“வாயைப் பாரு. நேத்து வரைக்கும் எலிப்புழுக்கை அள்ளினவ பேசற பேச்சா இது?”

“அதனாலதான் தேய்க்கிறேன்.”

எலி வாசனை உள்ள கையைப் பாம்பு கை என்று நினைக்காது. சாப்பாடு என்று நினைக்கும். ஒன்பதரை முதலில் நஞ்சு எடுக்கும் வேலைக்கு இவளை வேண்டாம் என்று சொன்னதற்கு அதுதான் காரணம். “உன்னைப் பார்த்தா அதுங்களுக்குத் தட்டு வச்ச மாதிரி இருக்கும்மா,” என்றார். இவள் அதற்கு ஒரு வழி சொன்னாள். பால் நாளுக்கு முந்தின சாயங்காலமே எலிகளுக்கு இரண்டு வேளைத் தீனியும் தண்ணீரும் வைத்துவிடுவாள். அதன் பிறகு குளித்து, துணி மாற்றி, வேலை முடியும் வரை கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். ஒன்பதரை யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

உள்ளேயிருந்து பூட்ஸ் சத்தம் கேட்டது.

பால்காரர் வேலைக்குப் போகிற உடுப்பில் வந்து வாசலில் நின்றார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முழுக்கைச் சட்டை. சட்டை தொளதொளவென்றிருந்தது. ஆஸ்பத்திரியில் இளைத்த உடம்பு இன்னும் தேறவில்லை. ஊன்றுகோல் மாதிரி பாம்புக் கொக்கியைப் பிடித்திருந்தார்.

எந்திரம் நின்றது.

“எங்கடா கிளம்பிட்ட?” என்றாள் நாத்தனார், அவருடைய அக்கா.

“வேலைக்கு.”

“எந்த வேலைக்கு?”

“எனக்கு எத்தனை வேலை தெரியும் அக்கா?”

எலிக்காரி கையை உதறிக்கொண்டு எழுந்தாள். துண்டில் துடைக்கவில்லை. துண்டிலும் எலி வாசனை இருக்கும்.

“வாங்க, சேர்ந்தே போகலாம்,” என்றாள். “ஆனா நான் சொன்னது சொன்னதுதான்.”

*

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு, இதே மாதிரி ஒரு பால் நாளில்தான் அது நடந்தது.

நஞ்சு எடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் தலைப் பக்கம், ஒருவர் வால் பக்கம். வால் பக்கத்து ஆள் பெட்டியைத் திறந்து, கொக்கியால் பாம்பைத் தூக்கி மேசைமேல் விட்டு, உடம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலைப் பக்கத்து ஆள் கழுத்தைப் பிடித்து, கண்ணாடிக் கிண்ணத்தின் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய தாளைக் கடிக்கக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் உடம்பு முதலில் பெட்டிக்குள் போகும், தலை கடைசியில். தலையை விடுவதற்கு முன் இருவரும் வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும். தனியாக யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது. பண்ணையில் மற்ற விதிகளை எல்லாம் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். இது ஒன்றை மட்டும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் வந்ததில்லை.

வால் பக்கம் எலிக்காரிதான். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷத்திலிருந்து அவள்தான்.

அன்றைக்குக் கடைசிப் பாம்பு ஒரு கட்டுவிரியன். பகலில் கட்டுவிரியன் பரம சாது. சுருண்டு, தலையை உடம்புக்கடியில் ஒளித்துக்கொண்டு, போர்வைக்குள் புகுந்த ஆள் மாதிரிக் கிடக்கும். அதன் வாயும் சின்னது, பல்லும் சின்னது. கிண்ணத்தில் விழுவது ஒரு சொட்டுக்கூடத் தேறாது. அந்த ஒரு சொட்டு எத்தனை பேரைக் கொல்லும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

கறந்து முடித்தாயிற்று. உடம்பு பெட்டிக்குள் போயிற்று. பால்காரர் ஒன்றும் சொல்லாமல் தலையை விட்டார். அது திரும்பி, கட்டைவிரலின் அடியில் ஒரு கடி கடித்துவிட்டுத் தன்பாட்டுக்குச் சுருண்டுகொண்டது. எறும்பு கடித்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். இரத்தம்கூட வரவில்லை.

“கறந்ததுதானே,” என்றார்.

அவளும் அதையேதான் நினைத்தாள். கறந்ததுதானே. வேறு யாராக இருந்தாலும் அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். வருஷக்கணக்கில் பாம்பைக் கறந்து கறந்து, அதைக் காலிப் பாத்திரம் மாதிரிப் பார்க்கப் பழகியவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். இருவரும் மேசையைக் கழுவினார்கள். பெட்டிகளை அடுக்கினார்கள். அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள்.

சோறும் அவித்த முட்டையும். அக்காவிடம் அவர் அதைச் சிரிப்பாகச் சொன்னார். “முத்தம் குடுத்துட்டுப் போச்சு,” என்றார். பிறகு முட்டை தொண்டையில் இறங்கவில்லை, காய்ந்துபோயிருக்கிறது என்றார். தண்ணீர் குடித்தார். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

“என்னைப் பாருங்க,” என்றாள் எலிக்காரி.

“பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்,” என்றார் அவர். அவருடைய இரண்டு கண்ணும் மூடியிருந்தன.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். நஞ்சை முறிக்கும் அந்த மருந்துக்கு மூலப்பொருளே பால் நாளில் கிண்ணத்தில் விழுகிற சொட்டுதான். அதைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். அவர் கையால் எடுத்த சொட்டு எதுவும் அதில் இருந்ததா, யாருக்குத் தெரியும். பாதி மருந்து ஏறுவதற்குள் உடம்பெல்லாம் தடித்தது. உதடு வீங்கியது. தொண்டை அடைத்தது. நஞ்சு ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் கிடந்தவரை மூச்சு எந்திரத்தில் போட்டார்கள்.

வெளியே பெஞ்சில் அக்காவும் எலிக்காரியும் உட்கார்ந்திருந்தார்கள். பண்ணையின் வாசலில், பார்வையாளர்களுக்காக ஒரு பெரிய பலகை வைத்திருந்தார்கள். உலகிலேயே கொடிய நஞ்சுள்ள பத்துப் பாம்புகள், படத்தோடு. அக்காவுக்கு அந்தப் பலகை நினைவுக்கு வந்தது.

“இவனைக் கடிச்சது எத்தனாவது நம்பர்?” என்று கேட்டாள்.

“கட்டுவிரியன் அண்ணி.”

“அது தெரியுது. நம்பர் என்ன? முதல் அஞ்சுக்குள்ள வருமா?”

“தெரியல.”

“ஒரே கடி வாங்கினான். அதையாவது நல்ல நம்பரா வாங்கியிருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அவர் பிழைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எலிக்காரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். பிறகு அவரையும் கூப்பிட்டு அதையே சொன்னாள். பாம்பு கடித்தால் மருந்து இருக்கிறது. உங்களுக்கு அந்த மருந்தே ஆகவில்லை. அடுத்த தடவை மருந்து போடுவதா வேண்டாமா என்று நாங்கள் யோசிப்பதற்குள் நேரம் போய்விடும். அடுத்த தடவை என்று ஒன்று இருக்கக் கூடாது.

அவர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டினால் கேட்டுக்கொண்டார் என்று அர்த்தமில்லை. எலிக்காரிக்கு அது தெரியும். அவர் படுக்கையில் கிடந்த நாட்களில் அவள் ஒன்பதரையிடம் போய் நின்றாள். முதலில் நஞ்சில்லாத சாரைப்பாம்பின் கழுத்தைப் பிடித்தாள். பிறகு நாகம், பிறகு கண்ணாடி விரியன். பண்ணை லாயத்துக் குதிரைக்காரர் வால் பக்கம் நின்றார். ஒன்பதரை அவள் தோளுக்குப் பின்னால் நின்று, “அழுத்தாதே, அது துணி இல்ல. தளர்த்தாதே, அது துணி இல்ல” என்று ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். கட்டுவிரியன் மட்டும் பாக்கி.

போன வாரம்தான் பால்காரருக்கு விஷயம் தெரிந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“என் இடத்துல நீயா?”

“நான்தான். நீங்க வால் பக்கம் வாங்க.”

“என்ன?”

“இத்தனை வருஷம் வாலைப் பிடிச்ச என்னை எந்தப் பாம்பும் ஒண்ணும் பண்ணல. உங்களையும் பண்ணாது. கொக்கி நீளமாத்தானே இருக்கு.”

அக்கா குறுக்கே புகுந்தாள். “நல்லாயிருக்கே கதை! பொண்டாட்டி தலையப் பிடிப்பா, புருஷன் வாலைப் பிடிப்பானா? ஊர்ல யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது?”

“இத்தனை வருஷம் நான் பிடிச்சப்ப யாராவது கேட்டாங்களா அண்ணி?”

“நீ பொம்பளை.”

“பாம்புக்கு அது தெரியாது.”

அக்கா ஊசியில் நூல் கோப்பதற்காக வாயில் வைத்த நூலை எடுத்தாள். இவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

“உண்மையைச் சொல்லு. இவனைக் காப்பாத்த மட்டும்தான் போறியா, இல்ல உனக்கே ஆசையா?”

எலிக்காரி கொஞ்சம் யோசித்தாள்.

“ரெண்டும்தான் அண்ணி,” என்றாள்.

*

இருவரும் பண்ணைக்குப் போகும் பாதையில் நடந்தார்கள். வானம் கீழே இறங்கியிருந்தது. காற்றில்லை. இந்தப் புழுக்கத்தில் பாம்புகள் துடியாக இருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

ஒன்பதரையின் அறையில் மேசை விசிறி காகிதங்களைப் படபடக்க வைத்துக்கொண்டிருந்தது. அவர் இருவரையும் பார்த்தார், பிறகு பூட்ஸைப் பார்த்தார்.

“வாங்க பால்காரரே. உடம்பு எப்படி?”

“நல்லாயிருக்கு சார். சாவி குடுங்க.”

“உங்களுக்கு வாசல்ல வேலை போட்டிருக்கேன்யா. வர்ற ஜனத்துக்குப் பாம்பைப் பத்திச் சொல்லணும். உட்கார்ந்து பேசற வேலை.”

“அதுக்குத்தான் பலகை இருக்கே.”

“பலகை கேள்விக்குப் பதில் சொல்லாது.”

“என்ன கேட்பாங்க? எது நம்பர் ஒண்ணு, அதானே? எல்லாரும் அதைத்தான் கேட்கறாங்க. நம்பர் ஒண்ணு இங்க இல்ல சார். அது எங்கேயோ பாலைவனத்துல, மனுஷ வாடையே ஆகாதுன்னு வெடிப்புக்குள்ள எலியைத் தின்னுட்டுக் கிடக்கு. அது கடிச்சு யாரும் செத்ததாத் தகவலே இல்லைங்கிறாங்க. நம்பரே இல்லாதது வயல்ல நூறு பேரைக் கொல்லுது. இதைச் சொன்னா ஜனம் டிக்கெட்டைத் திருப்பிக் கேட்கும்.”

“அந்த நம்பரை எப்படிப் போடறாங்க?” என்று கேட்டாள் எலிக்காரி.

“எலிக்கு ஊசி போட்டுத்தான். எவ்வளவு விஷத்துக்குப் பாதி எலி சாகுதுன்னு பார்த்துப் போடறது.”

“அப்ப அது எலிங்க போட்ட பட்டியல்,” என்றாள் அவள்.

ஒன்பதரை சிரித்துவிட்டார். பால்காரர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். ஒன்பதரை சாவியை இழுப்பறையிலிருந்து எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை. மேசையின் நடுவில் வைத்தார்.

“டாக்டரம்மா என்கிட்டயும் பேசிச்சு,” என்றார். “நான் உங்களை உள்ள விடமாட்டேன்னு சொல்லல. இருபது வருஷம் என்கூட இருந்த ஆளு. சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா மழை பிடிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்காரங்க தினம் போன் பண்ணிக் கத்தறாங்க, மருந்து கம்பெனிக்காரன் சரக்கு எங்கேங்கிறான். இன்னைக்குக் கட்டுவிரியனை முடிச்சாகணும். யார் தலை, யார் வால், அதை நீங்களே பேசிட்டு வாங்க. உங்க குடும்பச் சண்டையை என் மேசைமேல வைக்காதீங்க.”

“நான் தலை,” என்றார் பால்காரர்.

“அப்ப நான் வாலைப் பிடிக்கமாட்டேன்,” என்றாள் எலிக்காரி. சாதாரணமாகச் சொன்னாள். சந்தையில் வேண்டாத காயை ஒதுக்குகிற குரல்.

“வேற ஆளே இல்லையா? குதிரைக்காரன் இருக்கான்.”

“கேட்டுப் பாருங்க.”

அவர் போனார். லாயத்தில் குதிரைக்காரர் ஒரு பழுப்புக் குதிரையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பால்காரரைப் பார்த்ததும் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

“ஒரு மணி நேரம் வாய்யா. வால் பக்கம்.”

“அண்ணே, தங்கச்சி முந்தாநாளே வந்து சொல்லிட்டுப் போயிருச்சு.”

“அவளுக்குத்தானே பிடிச்சே? எனக்குப் பிடிக்கமாட்டியா?”

“இனிமே அதுக்கும் பிடிக்கக் கூடாதுன்னு அதே சொல்லிருச்சு. ‘எங்க ரெண்டு பேர்ல யார் கூப்பிட்டாலும் வராதீங்க’ன்னு. நான் பிள்ளைகுட்டிக்காரன் அண்ணே. அதுகிட்ட வம்பு வச்சுக்க என்னால ஆகாது.”

தோட்டக்காரரிடமும் அதே பதில்தான். காவலாளி, “எனக்குப் பாம்புன்னா பயம்” என்றார். பாம்புப் பண்ணையில் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இல்லை.

திரும்பி வந்தபோது எலிக்காரி ஒன்பதரையின் அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் முழங்காலுக்கு மேல் தூக்கி, எதிலும் படாமல் வைத்திருந்தாள்.

“எல்லார் வாயையும் தச்சுட்டியா?” என்றார் பால்காரர்.

“தைக்கிறது அண்ணி வேலை.”

“விளையாடாதே. உனக்கும் பிடிக்க வேண்டாம்னு ஏன் சொன்னே? நான் வாசல்ல உட்கார்ந்து ஜனத்துக்குக் கதை சொல்லிக்கிட்டிருந்தா, நீ உள்ள ராஜ்ஜியம் பண்ணலாமே.”

“நீங்க வாசல்ல உட்கார்ந்தா ஒரு மாசம் தாங்கமாட்டீங்க. ஒரு நாள் சாவியைத் தூக்கிட்டுத் தனியா உள்ள போவீங்க. எனக்கு நீங்க அந்த அறைக்குள்ள இருக்கணும். என் கண்ணு முன்னால.”

“கொடுமைக்காரிடி நீ.”

“ஆமா.”

உள்ளேயிருந்து ஒன்பதரையின் குரல் வந்தது. “அப்ப இன்னைக்குப் பால் எடுக்கப் போறது யாரு? எலியா?”

பால்காரர் சுவரில் சாய்ந்தார். இப்போதெல்லாம் கொஞ்சம் நடந்தாலே அவருக்கு மூச்சு வாங்கியது. அதை மறைக்க வாயை மூடிக்கொண்டு மூக்கால் இழுத்தார்.

“நீ நினைக்கிற மாதிரி வீம்பு இல்ல,” என்றார். குரல் தணிந்திருந்தது. “எத்தனை ஆயிரம் தலையைப் பிடிச்சிருப்பேன். ஒண்ணுகூடத் தப்பினதில்ல. கடைசியில ஒரு முட்டாப்பய கடி. கறந்த பாம்புன்னு விட்டேன் பாரு, அந்தக் கடியோட இதை முடிச்சுக்கச் சொல்றியா? நாளைக்கு எவனாவது என்னைப் பத்திப் பேசினா அதைத்தானே பேசுவான்?”

“பேசட்டும்.”

“உனக்குச் சுலபம்.”

“அன்னைக்கு நானும்தான் ‘கறந்ததுதானே’ன்னு சும்மா இருந்தேன். என்னைப் பத்தியும் பேசட்டும். உயிரோட உட்கார்ந்து ரெண்டு பேரும் கேட்கலாம்.”

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியவில்லை. குதிரைக்காரர் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார். ஒன்பதரை சன்னலைச் சாத்த எழுந்தார். எலிக்கொட்டகையின் பக்கவாட்டுத் திரை காற்றில் பிய்த்துக்கொண்டு அடித்தது. சாரல் உள்ளே போனால் குட்டிகள் விறைத்துவிடும். எலிக்காரி எழுந்து ஓடினாள். பாதித் தூரம் போனவள் கையைப் பார்த்துவிட்டு நின்றாள். தோட்டக்காரரைக் கூவி அழைத்து, தூர நின்றபடி, “அந்தக் கயிறு! இந்தப் பக்கம் இழுங்க! இன்னும்!” என்று கத்திக் கத்தித் திரையைக் கட்டவைத்தாள். நனைந்து திரும்பினாள்.

பால்காரர் அங்கே இல்லை. மேசைமேல் சாவியும் இல்லை. ஒன்பதரை சன்னலுக்கு அடியில் தேங்கிய தண்ணீரைக் காலால் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் கவனிக்கவில்லை.

அவள் கத்தவில்லை. ஓடவும் இல்லை. ஓடி வந்து கதவைத் தள்ளினால் உள்ளே இருப்பவர் திடுக்கிடுவார். திடுக்கிட்டால் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. தாழ்வாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். பால் அறைக் கதவில் முகம் உயரத்துக்கு ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அதில் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே வெளிச்சம் மட்டாக இருந்தது. மேசைமேல் ஒரு பெட்டி. மூடி திறந்திருந்தது. பால்காரர் அதன் முன்னால் நின்றிருந்தார். இடது கையில் கொக்கி. வலது கை பெட்டிக்கு ஒரு முழம் மேலே நின்றது. அந்தக் கை ஆடியது. லேசாக இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருப்பவர் கை மாதிரி மேலும் கீழும் ஆடியது. அவர் அதை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். மறுபடி ஆடியது. பெட்டிக்குள் கட்டுவிரியன் அசையவில்லை. கருப்பு உடம்பில் வெள்ளை வரிகள், தலை எங்கே என்று தெரியவில்லை.

அவள் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். உள்ளே கை இன்னும் ஒரு அங்குலம் இறங்கினாலும் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று நின்றாள்.

கை இறங்கவில்லை. அவர் மூடியை எடுத்துப் பெட்டிமேல் வைத்து அழுத்தினார். நான்கு மூலைப் பூட்டையும் போட்டார். ஒவ்வொன்றும் மாட்டிக்கொண்டதா என்று தட்டிப் பார்த்தார். பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

எலிக்காரி சத்தமில்லாமல் பின்னால் நடந்தாள். தாழ்வாரத்தின் கோடி வரை போனாள். அங்கே குழாயடியில் ஒரு இரும்பு வாளி இருந்தது. அதை முழங்கையில் மாட்டி, தாழ்வாரச் சுவரில் டங் டங்கென்று இடித்துக்கொண்டு வந்தாள். “இந்தத் தோட்டக்காரருக்கு ஒரு கயிறு கட்டத் தெரியல சார்!” என்று ஒன்பதரையின் அறைப் பக்கம் பார்த்து உரக்கச் சொன்னாள். கதவருகே வந்து வாளியைத் தொப்பென்று வைத்தாள்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது. பால்காரர் முகத்தைத் துடைத்திருந்தார்.

“எங்க போனே?” என்றார்.

“கொட்டகைத் திரை. குட்டிங்க நனைஞ்சிருக்கும்.”

“தொட்டியா எதையாவது?”

“தொடல.”

“கையைக் காட்டு.”

அவள் நீட்டினாள். அவர் அவள் விரல்களைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஒவ்வொரு விரலாக. பிறகு உள்ளங்கை. பிறகு மணிக்கட்டு.

“மணிக்கட்டுல இருக்கு. வளையல் போட்ட இடம். இன்னொரு தரம் கழுவிட்டு வா,” என்றார். அவள் திரும்பியதும், “வளையலைக் கழற்றிடு. சட்டைக் கையையும் பட்டன் போட்டுக்க,” என்றார்.

அவள் கழுவிவிட்டு வந்தபோது அவர் இடம் மாறி நின்றிருந்தார். மேசையின் அந்தப் பக்கம், பெட்டிகளை அடுக்கிய பக்கம். கொக்கி வலது கையில் இருந்தது. கிண்ணத்துக்குத் தாள் கட்டி அவள் நிற்கிற பக்கம் வைத்திருந்தார்.

“இன்னைக்கு மட்டும்,” என்றார்.

“சரி.”

“அடுத்த வாரம் பேசிக்கலாம்.”

“பேசிக்கலாம்.”

ஒன்பதரை கதவருகே வந்து நின்றார். இருவரும் நிற்கிற இடத்தைப் பார்த்தார்.

முதல் பெட்டி. கொக்கி உள்ளே போயிற்று. நீளமான கம்பியில் கை ஆட்டம் தெரியவில்லை. பாம்பு மேசைமேல் வழிந்து இறங்கியது. உடனே சுருள ஆரம்பித்தது.

“சுருள விடாதே,” என்றார். “தலை உள்ள போறதுக்கு முன்னால. இப்ப. இப்ப!”

அவள் பஞ்சு சுற்றிய கோலைத் தலைமேல் வைத்தாள். அழுத்தவில்லை, வைத்தாள். இடது கைவிரல் மூன்றும் கழுத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. விரியனின் கழுத்து மாதிரி இல்லை. எது தலை, எது கழுத்து என்று விரலுக்குப் பிடிபடாத வழுவழுப்பு. தாடையெலும்பு எங்கே முடிகிறது என்று விரல் நுனியால் தேடினாள். கண்டுபிடித்தாள். கோலைக் கீழே போட்டாள்.

“வந்துருச்சு,” என்றாள்.

“வால் இருக்கு,” என்றார் அவர்.

கிண்ணத்தின் தாள் மெல்லிசாக ஓசையிட்டுத் துளைந்தது. கண்ணாடியின் உள்சுவரில் ஒரு ஈரப்பொட்டு தெரிந்தது. தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அவள் கட்டைவிரலால் தாடையின் மேல்பகுதியை நீவினாள். பொட்டு கொஞ்சம் பெரிதாயிற்று. நின்றது. முடிந்தது.

உடம்பு முதலில் பெட்டிக்குள் போயிற்று. அவள் கை கடைசியாகப் பெட்டி வாயில் நின்றது. கறந்த பாம்பு. விரல்களுக்கு நடுவில் அதன் கழுத்து சில்லென்று துடித்தது. விடலாமா என்று கேட்டாள். சொன்னார். விட்டாள். மூடி விழுந்தது. நான்கு மூலையும் மாட்டிக்கொண்டன.

ஒன்பதரை கதவருகிலிருந்து நகர்ந்தார். “நான் போய் டீக்குச் சொல்றேன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மழை குறைந்திருந்தது. எலிக்காரி மேசையைத் துடைத்தாள். முதுகில் சட்டை ஒட்டியிருந்தது, மழை ஈரமா வேர்வையா என்று அவளுக்கே தெரியவில்லை. புதுத் தாளை எடுத்து அடுத்த கிண்ணத்தின் வாயில் இழுத்துக் கட்டினாள். இன்னும் ஒரு வரிசைப் பெட்டி பாக்கி இருந்தது.

பால்காரர் அடுத்த பெட்டியை எடுத்து மேசைமேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வெளுத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்கூட அவர் இவ்வளவு வெளுப்பாக இல்லை.

“வைங்க,” என்றாள் அவள்.

அவர் வைத்தார். மூடியின்மேல் கையை விரித்து அழுத்திக்கொண்டார். அவளைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்தபடி கேட்டார்:

“இத்தனை வருஷமா இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, நீ எப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தே?”